தோப்பில் அலங்கின் வளை: அடைத்துவிடலாமா?

மலையடிவாரத்தான்:
அனைவருக்கும் வணக்கம். சிறுமலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அங்கே ஓடைக்கரை மேட்டில் ஓர் ஆளின் தலை நுழையும் அளவுக்கு வளை ஒன்று புதிதாகத் தோண்டப்பட்டுள்ளது; வெளியே தள்ளிய மண்ணில் இன்னும் ஈரம் காயவில்லை. பக்கத்திலிருந்த கரையான் புற்றும் ஒரு பக்கமாகப் பறிக்கப்பட்டிருக்கிறது. இது அலங்கின், அதாவது எறும்புத்தின்னியின் வேலை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். தோப்பில் வேலை செய்யும் ஒருவரோ, அதன் ஓட்டுக்கு லட்சக்கணக்கில் விலை உண்டு என்று யாரோ ஒரு தரகர் சொன்னதாகக் கூறுகிறார். இதனால் மரங்களுக்குக் கேடு உண்டா, வளையை அடைத்துவிடலாமா என்பதை விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

புற்றுமண்:
தயவுசெய்து அடைக்காதீர்கள் ஐயா. எறும்புத்தின்னி பகலில் வளைக்குள் உறங்கி இரவில்தான் வெளியே வரும் என்பதால், நீங்கள் பகலில் மண்ணைத் தள்ளினால் அது உயிரோடு உள்ளே அடைபட்டுப்போகும், குட்டியும் இருக்கக்கூடும். பெரும்பாலும் ஒரு ஈற்றுக்கு ஒரே குட்டிதான், அதைத் தாய் தன் வாலின் அடிப்பகுதியில் ஏற்றிக்கொண்டு இரை தேடும். எனவே ஒரு தாய் போனால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது. மரங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். அதற்குப் பல்லே கிடையாது. முன்னங்கால் நகங்களால் புற்றைப் பெயர்த்து, பசையுள்ள நீண்ட நாக்கை உள்ளே விட்டு, கரையானையும் எறும்பையும் முட்டைகளோடு வாரித் தின்னும். மாமரத்துக்குக் கரையான் செய்யும் தொல்லையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம்_அறிந்தவன்:
அந்தத் தரகரின் பேச்சுதான் வளையைவிடக் கவலை தருகிறது. அவர் ஓடு என்று சொல்லும் செதில், நம் நகத்திலுள்ள அதே கெரட்டின் என்னும் புரதம்தான். அதற்கு மருத்துவக் குணம் இருப்பதாக நிறுவப்படவில்லை. சீன அரசே 2020-இல் தன் மருந்து நூலின் மூலப்பொருள் பட்டியலிலிருந்து அதை நீக்கியது, ஆனாலும் சில கூட்டு மருந்துகளில் இடம் விட்டுவைத்தது என்பது என் மனக்குறை. 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த, அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் (CITES) மாநாட்டில் எறும்புத்தின்னியின் எட்டு இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்கும் தடை விதிக்க முடிவான பிறகும், 2019 ஏப்ரலில் நைஜீரியாவிலிருந்து வியட்நாமுக்குச் சென்றுகொண்டிருந்த 25 டன்னுக்கும் அதிகமான செதில்கள் சிங்கப்பூரில் ஒரே வாரத்துக்குள் பிடிபட்டன. ஆபத்து வந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதே இதன் தற்காப்பு. சிறுத்தையின் பல்லுக்கு அது தாங்கும், ஆனால் மனிதன் குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்வதற்கு அதுவே வசதியாகிவிடுகிறது. இந்தியாவில் இது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது; வேட்டையாடினாலோ விற்றாலோ குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இதை அந்த வேலையாளிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

மலையடிவாரத்தான்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் வனத்துறையை அழைத்து, பிடித்துக் காட்டில் விடச் சொல்வதுதான் பாதுகாப்பா?

புற்றுமண்:
வேண்டாம் ஐயா. அது நலமாகவே இருக்கிறது. பிடிக்கும் போதே மிரண்டு நலிந்துவிடும் உயிர் அது, கூண்டில் வைத்துத் தீனி கொடுப்பதும் மிகக் கடினம். கிணற்றில் விழுந்தாலோ அடிபட்டுக் கிடந்தாலோ உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வளையைச் சுற்றி ஆள் நடமாட்டம் தெரிந்தாலும் சொல்லுங்கள். இரவில் நாய்களைக் கட்டிவையுங்கள். பன்றிக்காக மின்வேலி போட்டிருந்தால், அடிக்கம்பி தரையை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அதில் பட்டதும் சுருண்டு, கம்பியையே சுற்றிக்கொண்டு இறந்த எறும்புத்தின்னிகள் தென்னாப்பிரிக்காவில் ஏராளம். வளை இருக்கும் இடத்தை மட்டும் இங்கே படம் போட்டுக் காட்டிவிடாதீர்கள்.