வெர்சாய் போனவர்கள் உதவ முடியுமா? அந்தக் காலித் தொட்டில் பற்றி

குழு நண்பர்களுக்கு வணக்கம். எலிசபெத் விஜே லெ ப்ருன் 1787இல் வரைந்து முடித்த, பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத் தன் பிள்ளைகளுடன் இருக்கும், வெர்சாய் அரண்மனையில் உள்ள ஓவியத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

படத்தில் அரசி சிவப்பு வெல்வெட் உடையில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கடைக்குட்டி மகன், தோளில் சாய்ந்தபடி மூத்த மகள். வலப்பக்கம் பட்டத்து இளவரசன் காலித் தொட்டிலைக் காட்டி நிற்கிறான். கைக்குழந்தை சோஃபி அந்த ஜூன் மாதம், ஒரு வயதுகூட நிரம்பாமல், இறந்துபோனாள். மக்களிடம் அரசியின் பெயர் கெட்டுக்கிடந்த நேரம் அது. நல்ல தாய் என்று காட்டத்தான் அரண்மனை இந்தப் படத்தை வரையச் சொன்னது. ஆனாலும் அந்தத் தொட்டில் பிரச்சாரத்தையெல்லாம் தாண்டி நிற்கிறது என்றே நினைக்கிறேன். அந்த இளவரசனும் 1789இல் இறந்துவிட்டான்.

கேட்க நினைப்பது இதுதான். நேரில் பார்த்தவர்கள் யாராவது தொட்டில் பகுதியையும், பின்னால் இருட்டில் நிற்கும் நகைப் பெட்டகத்தையும் நெருக்கமாகப் படம் எடுத்திருந்தால் அனுப்புங்கள். இணையத்தில் எனக்குக் கிடைத்த படங்களில் அந்த மூலை கறுத்துப்போய்த் தெரிகிறது. ஆளுயரத்தைத் தாண்டிய அந்த ஓவியத்தின் முன் நிற்கும்போது கண் முதலில் எங்கே போகிறது, அரசியின் முகத்துக்கா, தொட்டிலுக்கா?

அப்புறம், 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு உருவப்படங்கள் பற்றித் தமிழில் ஏதாவது வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பழைய சிற்றிதழ்க் கட்டுரையானாலும் சரி.