65 வயதுக்கு மேல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை கூடாதாம், எங்கே எழுதியிருக்கிறது?

கீழக்கரைப் பெண்:
வட்டார வாட்ஸ்அப் குழுவில் உச்சிப்புளிக்காரர் போட்ட பதிவைப் பார்த்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. "65 தாண்டியவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்யச் சட்டத்திலேயே இடமில்லை, செய்கிற டாக்டர் காசுக்காகச் செய்கிறார்" என்று எழுதியிருக்கிறார். அண்ணே, அந்த 65 எந்தச் சட்டத்தில் இருக்கிறது? என் உம்மாவுக்கு 67 வயது, உயரம் 155 செ.மீ., எடை 98 கிலோ, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்குகிறார். மதுரை டாக்டர் இதயம், நுரையீரல், தூக்கப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். உங்கள் பதிவை யாரோ படித்துக் காட்டி, இப்போது பரிசோதனைக்குக்கூட வரமாட்டேன் என்கிறார்.

உச்சிப்புளிக்காரன்:
தங்கச்சி, உங்கள் அம்மாவைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன். ஆனால் சொன்னது சொன்னதுதான், 65 எல்லை. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டால் அந்த வயதில் எதைச் சாப்பிட்டு எழுந்து நடப்பது? எங்கள் பெரியப்பா இதைச் செய்துகொண்டு வந்து சதையெல்லாம் வற்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

கீழக்கரைப் பெண்:
65 எங்கே என்று கேட்டால் பெரியப்பாவைக் காட்டுகிறீர்கள். நான் காட்டுகிறேன், படியுங்கள். 2022இல் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை டாக்டர்களின் அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் சேர்ந்து 1991ஆம் ஆண்டு விதிகளை மாற்றின. அதில் மேல் வயது வரம்பு கிடையாது என்று நேராகவே எழுதியிருக்கிறது, உடல் தளர்ச்சியையும் கூட இருக்கிற நோய்களையும்தான் பார்க்கச் சொல்கிறது. ஆசியர்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு, 27.5 இருந்தாலே இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்கிறது, உம்மாவுக்கு 40க்கு மேல். நம் நாட்டுக் காப்பீட்டு ஆணையத்தின் விதியில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று இருக்கிறது, மேலே எத்தனை என்று இல்லை. அமெரிக்காவில் முக்கியமாக 65 வயதானவர்களுக்காக இருக்கிற அரசுக் காப்பீடான மெடிகேர் 2006இலிருந்து இதற்குப் பணம் கொடுக்கிறது. உங்கள் 65இல்தான் அவர்கள் ஆரம்பிக்கவே செய்கிறார்கள்!

உச்சிப்புளிக்காரன்:
அமெரிக்காவை இங்கே இழுக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு வாந்தி நிற்கவில்லை என்றால் உங்கள் மெடிகேர் கீழக்கரைக்கு வருமா? வெட்டிய டாக்டர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மதுரையில் இருப்பார். 65க்கு மேல் உடம்பு தாங்காது. அவ்வளவுதான்.

பாம்பன் நர்ஸ்:
இரண்டு பேரும் 65ஐப் பிடித்துத் தொங்குகிறீர்கள். வாந்தி என்று சாதாரணமாகச் சொல்கிறீர்களே அண்ணே, இந்த ஆபரேஷன் செய்தவருக்கு வாந்தி நிற்காவிட்டால் பி1 வைட்டமின் இறங்கி நரம்பு பாதிக்கும், அதைக் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இன்னும் மோசம். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கிற பைபாஸ் வகை செய்தவர் மூட்டுவலிக்கு மெடிக்கல் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டால் தையல் போட்ட இடத்தில் புண் வரும். நம் பக்கத்துப் பெரியவர்களில் அந்த மாத்திரை போடாதவர் யார்? பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுள் முழுவதும் பார்க்க வேண்டும். உங்கள் பெரியப்பா புரதம் என்ன சாப்பிட்டார் என்று யாராவது கேட்டீர்களா?

உச்சிப்புளிக்காரன்:
கஞ்சிதான் குடித்தார். வேறு எது இறங்கும்?

பாம்பன் நர்ஸ்:
அப்புறம் சதை வற்றாமல் என்ன செய்யும்? நாளுக்கு 60 கிராமாவது புரதம் போக வேண்டும். நூறு கிராம் மத்தி மீனில் 20 கிராம் அளவுக்கு இருக்கிறது, நம் கடற்கரையில் மீனுக்கா பஞ்சம்?

தொண்டிக்காரன்:
மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது? கருவாடு சாப்பிடலாமா? கருவாட்டில் புரதம் இன்னும் அதிகம்.

பாம்பன் நர்ஸ்:
பிரஷர் இருக்கிறவருக்கு அத்தனை உப்பைக் கொடுப்பீர்களா? முட்டை, பருப்பு, தயிர் இருக்கிறது.

சாயல்குடி வாத்தியார்:
ஆளாளுக்கு அறுக்கச் சொல்கிறீர்கள். எங்கள் பக்கம் பனையேறிய தாத்தாக்களுக்கு இந்த வயிறு ஏது? பதநீரும் கருப்பட்டியும் சாப்பிட்டு எண்பது வயதில் மரம் ஏறினார்கள்.

கீழக்கரைப் பெண்:
வாத்தியாரே, கருப்பட்டியில் சர்க்கரை ஏறாது என்று முன்பு ஒரு திரியில் எழுதியது நீங்கள்தானே? அதை நம்பி எங்கள் தெருவில் ஒருவர் தினமும் கருப்பட்டிக் காப்பி குடித்துச் சர்க்கரையை ஏற்றிக்கொண்டார். கருப்பட்டியும் சர்க்கரைதான். என் உம்மாவால் வாசற்படி ஏற முடியவில்லை, நீங்கள் பனைமரம் ஏறச் சொல்கிறீர்கள்.

சாயல்குடி வாத்தியார்:
தொதல் அல்வாவில் கிலோக்கணக்கில் சீனி கொட்டுகிற ஊர்க்காரர் கருப்பட்டியைப் பேச வேண்டாம்.

கீழக்கரைப் பெண்:
தொதலும் ஆகாதுதான், உம்மா தொட்டே பல வருடம் ஆகிறது. பேச்சை மாற்றாதீர்கள். உச்சிப்புளி அண்ணே, 65 எங்கே?

தொண்டிக்காரன்:
இப்போது எடை குறைய வாரம் ஒரு ஊசி வந்துவிட்டதே, அதைப் போட்டால் சண்டையே இல்லையே.

பாம்பன் நர்ஸ்:
அதிலும் சதை குறையும், புரதமும் உடற்பயிற்சியும் அதற்கும் வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பி வரும். மாதச் செலவையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.

உச்சிப்புளிக்காரன்:
சரி, சட்டம் என்பதை விடுங்கள். நல்ல டாக்டர் 65க்கு மேல் தொட மாட்டார். முன்பெல்லாம் 60, 65 என்று நிறுத்தியவர்கள்தானே?

கீழக்கரைப் பெண்:
காலையில் சட்டம், இப்போது நல்ல டாக்டர். முன்பு வயிற்றைப் பெரிதாகக் கிழித்துச் செய்தார்கள், இப்போது சின்னத் துளைகள் போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்கிறார்கள். என் உம்மாவுக்கு ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னால் அழைத்து வந்துவிடுவேன். பிறந்த வருடத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஆளைப் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்ல நீங்கள் யார்? பரிசோதனை எடுக்கவே பயப்படுகிற அளவுக்கு அவரைக் கலங்க வைத்துவிட்டீர்கள். குழுவில் அந்தப் பதிவை நீக்குங்கள்.

உச்சிப்புளிக்காரன்:
நீக்க முடியாது. நாலு பேர் உயிர் பிழைக்கும். என் பெரியப்பாவுக்கு அப்போது 66.

பாம்பன் நர்ஸ்:
66 அல்ல அண்ணே, கஞ்சி!

கீழக்கரைப் பெண்:
நீக்காவிட்டால் 2022 விதியை அதே குழுவில் தினமும் போடுவேன். 65 எழுதியிருக்கிற பக்கத்தை நீங்களும் போடுங்கள்.

சாயல்குடி வாத்தியார்:
என் மேல் போட்ட கருப்பட்டிப் பழிக்கு யார் பதில் சொல்வது?