எழுதுவது இடது கை. கோல்ஃப் எந்தப் பக்கம்?

ஸ்காபரோக்காரி:

வேலையிடத்தில் கோடைக்கு ஒரு கோல்ஃப் நாள் வைப்பார்கள், மருத்துவமனை நிதிக்காக. இவ்வளவு காலமும் பெயர் பதிகிற மேசையில் உட்கார்ந்து தப்பிவிட்டேன். இந்த முறை மேலாளர் என்னையும் ஒரு நால்வர் அணியில் போட்டுவிட்டார். ஸ்க்ராம்பிள் முறையாம்: நாலு பேரும் அடிப்பார்கள், எந்தப் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ அங்கிருந்து எல்லோரும் தொடர்வார்கள். அதனால் மானம் அவ்வளவாகப் போகாது என்கிறார்கள்.

என் சிக்கல் வேறு. எழுதுவது, கத்தரிக்கோல் பிடிப்பது, எறிவது எல்லாம் இடது கை. சாப்பிடுவது மட்டும் வலது. அது அம்மம்மாவின் அகப்பைக்காம்பு செய்த வேலை. பள்ளிக்கூடத்தில் எல்லே (தடியால் பந்தை அடிக்கும் ஆட்டம்) விளையாடிய காலத்தில் வலது தோள் முன்னால் வர நின்றுதான் அடிப்பேன். இவருடைய பழைய கோல்ஃப் செட் ஒன்று நிலவறையில் கிடக்கிறது, வலக்கைக்காரருக்கானது. "புதிதாகப் பழகுகிற ஆளுக்கு எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, இதையே எடு" என்கிறார். எடுக்கலாமா, இல்லை இடக்கை செட் தேட வேண்டுமா?

ஒன்பதுகுழி (ஹமில்டன்):

தங்கச்சி, அந்த செட் நிலவறையிலேயே கிடக்கட்டும். வலது தோள் முன்னால் வர நிற்பது இடக்கைக்காரர் நிற்கும் நிலை, உங்கள் கேள்விக்கு எல்லே எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

எழுதும் கையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. சச்சின் எழுதுவது இடது கையால், துடுப்பெடுத்தது வலக்கைக்காரராக. சங்கக்கார நேர்மாறு. இரண்டு கையும் சேர்ந்து ஒரு தடியை வீசும்போது உடம்பு எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது என்பதுதான் கணக்கு. 1963இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற நியூசிலாந்தின் பாப் சார்ல்ஸ்தான் மேஜர் பட்டம் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) எடுத்த முதல் இடக்கை ஆட்டக்காரர். அவருக்கு ஒற்றைக் கை வேலையெல்லாம் வலது. இரண்டு கை சேரும் ஆட்டம் மட்டும் இடது. பில் மிக்கெல்சனும் மற்றதெல்லாம் வலது கைதான். குழந்தையாக அப்பாவுக்கு எதிரே நின்று கண்ணாடியில் பார்ப்பதுபோல் அவர் ஸ்விங்கை, அதாவது தடி வீசும் விதத்தை, பிடித்துக்கொண்டார். ஆறு மேஜர் வந்தது.

நம் ஒன்ராறியோ மைக் வியர் சிறுவனாக இருந்தபோது, வலப்பக்கம் மாறட்டுமா என்று கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸுக்கே கடிதம் போட்டுக் கேட்டார். இயல்பாக வரும் ஸ்விங்கை மாற்றாதே என்று பதில் வந்தது. 2003இல் மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸ் அவருடையது.

இடக்கை என்றால் குறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2003 முதல் 2014 வரை நடந்த 12 மாஸ்டர்ஸில் ஆறு இடக்கைக்காரருக்குப் போனது: வியர், மிக்கெல்சன் மூன்று தடவை, பப்பா வாட்சன் இரண்டு தடவை. மாஸ்டர்ஸ் நடக்கும் அகஸ்டாவின் 12ஆம் குழியைப் பாருங்கள். கிரீன் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) மூலைவாட்டமாகக் கிடக்கிறது. இடது ஓரம் கிட்ட, வலது ஓரம் தூரம், முன்னால் ஓடை. வலக்கைக்காரர் வலப்பக்கம் தவறவிட்டால் பந்துக்குத் தூரமும் குறையும், நேரே தண்ணீர்தான். இடக்கைக்காரருக்குத் தூரம் குறைகிற பந்து பெரும்பாலும் இடப்பக்கம் போகும், அங்கே கிரீன் கிட்ட இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த குழி அது, தொலைக்காட்சியில் மட்டும்!

இன்னொன்று, நீங்கள் இருப்பது கனடாவில். ஐஸ் ஹாக்கி மட்டையை இடப்பக்கமாகப் பிடித்து வளர்ந்த பிள்ளைகள் இங்கே ஏராளம், அதனால் கோல்ஃபிலும் இடக்கைக்காரர் அதிகம். பழைய இடக்கை செட் மற்ற நாடுகளைவிட இங்கே எளிதாக அகப்படும். முழு செட் வேண்டாம். ஒரு 7 அயர்ன் (நடுத்தரத் தூரத்துக்கு), ஒரு வெட்ஜ் (கிட்டத்து அடிக்கு), ஒரு பட்டர் (கிரீனில் பந்தை உருட்ட) இருந்தால் இப்போதைக்குப் போதும்.

வலப்பக்கத்தான் (கோவை):

அண்ணன் ஒரேயடியாக முடித்துவிட்டார், நான் கொஞ்சம் மறுக்கிறேன். நான் பிறவி இடக்கை, ஆடுவது வலப்பக்கம். நான் பழகிய இடத்தில் இருந்த செட் எல்லாம் வலக்கைக்குத்தான். அதில் ஒரு லாபமும் உண்டு: வலக்கைக்காரராக நிற்கும்போது இலக்குப் பக்கம் இருப்பது இடது கை. ஸ்விங்கை இழுத்துச் செல்வதில் அதற்குப் பெரிய பங்கு, எனக்கோ பலமான கையே அதுதான். ஜோர்டன் ஸ்பீத் பந்து எறிவது இடது கையால், ஆடுவது வலப்பக்கம். 2015இல் மாஸ்டர்ஸையும் யு.எஸ். ஓப்பனையும் சேர்த்து வாங்கினார். ஒரு கோல்ஃப் நாளுக்காகச் செலவு செய்வானேன்?

ஒன்பதுகுழி:

தம்பி சொல்வது அவருக்குச் சரி. இரண்டு பக்கமும் சமமாக வருகிறவர்கள் கிடைக்கிற செட்டில் பழகலாம். தங்கச்சி, ஒரு தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்து முற்றத்தில் இரண்டு பக்கமும் வீசிப் பாருங்கள். எந்தப் பக்கம் யோசிக்காமல் வருகிறதோ, அதுதான் உங்கள் பக்கம்.

ஸ்காபரோக்காரி:

வீசிப் பார்த்தேன். இடப்பக்கம் தானாக வருகிறது. வலப்பக்கம் வீசினால் இடுப்பு எங்கேயோ, தடி எங்கேயோ. இவரும் பார்த்துவிட்டு "சரி, சரி" என்று உள்ளே போய்விட்டார். பழைய 7 அயர்ன் ஒன்று விலை பேசியிருக்கிறேன். கையுறை எந்தக் கைக்கு? பழக எங்கே போவது?

ஒன்பதுகுழி:

பிடிக்கும்போது வலது கை மேலே, இடது கை கீழே. கையுறை வலது கைக்கு. கடையில் "இடது கை" என்று போட்டிருக்கும் கையுறை வலக்கைக்காரர்கள் இடது கையில் மாட்டுவது, அதை எடுத்துவிடாதீர்கள்.

டிரைவிங் ரேஞ்சில் வரிசையின் ஓரத்து இடமாகக் கேளுங்கள். நடுவில் நின்றால் ஒரு பக்கத்து ஆளும் நீங்களும் முகத்துக்கு முகம் பார்த்தபடி நிற்க வேண்டி வரும். சில பாய்களில் பந்தை வைக்கும் ரப்பர் டீ வலக்கைக்காரர் பக்கம் மட்டும்தான் இருக்கும். திருப்பிப் போடச் சொல்லலாம். யூடியூப் பாடங்களில் இடது என்றால் வலது என்று மாற்றிக் கேளுங்கள். புதியவர்களின் ஸ்லைஸ் என்ற தவறான அடி வலப்பக்கம் வளையும் என்பார்கள், உங்களுடையது இடப்பக்கம் போகும்.

கொஞ்சம் கை வந்ததும் விக்டோரியா பார்க் சப்வேக்குப் பக்கத்தில் இருக்கும் டென்டோனியா பார்க் போங்கள். நகரசபையின் ஆடுகளம், எல்லாமே பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குறுகிய தூரக் குழிகள்) என்பதால் தூர அடிக்கான டிரைவர் தேவையில்லை. அப்புறம் பட்டர்: இரண்டு முகமும் ஒரே மாதிரி இருந்தால் இருபக்க பட்டருக்கு விதியில் அனுமதி உண்டு. இவருடைய பையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள், அதற்காவது காசு மிச்சம்.