ஆடாத ஃபைனலுக்கு இரண்டு சாம்பியன்: எஸ்இசி சாஃப்ட்பால்

ஏழாவது இன்னிங்ஸ்: 2025 மே 10, அமெரிக்காவில் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரம். எஸ்இசி என்கிற பல்கலைக்கழக லீக்கின் (இதைத்தான் கான்ஃபரன்ஸ் என்கிறார்கள்) பெண்கள் சாஃப்ட்பால் கோப்பை ஃபைனலில் ஓக்லஹோமாவும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் மோதவேண்டியது. வானிலை கெடுத்தது, ஆட்டம் ரத்து, இரண்டு அணியுமே சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்கள். மறுநாள் காலை ஆடவிட்டால் குறைந்தா போயிருக்கும்?

பச்சைப்புல்: மறுநாள்தான் என்சிஏஏ என்கிற தேசியப் போட்டிக்கு 64 அணிகளை அறிவிக்கிற நாள். எஸ்இசியின் 15 அணிகளில் 14 உள்ளே போயின. யாருக்கு என்ன நஷ்டம்? என்னைக் கேட்டால் பெரிய கான்ஃபரன்ஸ்களுக்கு லீக் ஆட்டங்கள் முடிந்த பிறகு நடக்கிற இந்தக் கோப்பைப் போட்டியே தண்டம்.

ஏழாவது இன்னிங்ஸ்: தண்டமா! சின்ன கான்ஃபரன்ஸ் பெண்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். கோப்பை வென்றால்தான் அவர்களில் பலருக்கு என்சிஏஏவே.

பச்சைப்புல்: சின்ன கான்ஃபரன்ஸைப் பற்றி நான் பேசவே இல்லையே. எஸ்இசியில் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று லீக் ஆட்டம் என்று ஆடி, வந்த முதல் வருடமே ஓக்லஹோமா முதலிடம் பிடித்தாகிவிட்டது. அதற்கு மேல் தோற்றால் வெளியே என்று நாலைந்து நாள் எதற்கு?

மழைவிதி: குறுக்கே வருகிறேன். 2002 சாம்பியன்ஸ் டிராபி நினைவிருக்கிறதா? கொழும்பில் ரிசர்வ் நாளும் மழையில் போய், இந்தியாவும் இலங்கையும் கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. ஒரு நாள் தள்ளிவைத்தால் மட்டும் முடிவு வந்துவிடுமா?

ஏழாவது இன்னிங்ஸ்: அங்கே முயற்சியாவது செய்தார்கள், மழைவிதி.

பச்சைப்புல்: சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். பாதிக் கோப்பையோடு போன ஏ அண்ட் எம்முக்கு என்சிஏஏவில் முதல் சீடு, அதாவது தரவரிசையில் முதலிடம். சொந்த மைதானத்திலேயே லிபர்ட்டியிடம் தோற்று, ரீஜனல் என்கிற முதல் கட்டத்தோடு நடையைக் கட்டியது. முதல் சீடுக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அப்புறம், கூடுதல் ஆட்டங்களில் களைத்துப்போகும் பிட்சர்களின் (பந்து வீசுபவர்களின்) தோள். டெக்சஸ் டெக்கின் நைஜாரி கனடியைப் பார்த்தீர்கள்தானே? தேசிய ஃபைனலின் மூன்றாவது ஆட்டத்தில், முதல் இன்னிங்ஸிலேயே 5 ரன் கொடுத்து வெளியே வந்தார். மே மாதம் முழுக்க ஒரே கையை நம்பினால் இதுதான் கதி.

ஏழாவது இன்னிங்ஸ்: இரண்டாவது பிட்சரை நம்பாதது கோச்சின் முடிவு, அதற்குக் கான்ஃபரன்ஸ் போட்டியின் மேல் ஏன் பாய்கிறீர்கள்? அதே மே மாதம்தான் டெக் தன் கான்ஃபரன்ஸான பிக் 12இன் போட்டிக் கோப்பையை முதல் தடவையாகத் தூக்கியது. அதுவும் தண்டம் என்று அந்த ரசிகர்களிடம் சொல்லுங்களேன், நான் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறேன்.