புதுப்பிப்பு: அப்பாவின் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்தது

அப்பாவுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய், வெளியே பரவவில்லை. 5 தடவையில் முடியும் எஸ்.பி.ஆர்.டி. (ஒவ்வொரு முறையும் கூடுதல் கதிரைத் துல்லியமாகப் பாய்ச்சும் முறை) போதுமா, வாரக்கணக்கில் போகும் வழக்கமான முறைதான் நல்லதா என்று கேட்டிருந்தேன். 5 தடவை முறையையே எடுத்தோம்.

தயக்கத்தைப் போக்கியது, ஒருவர் இங்கே குறிப்பிட்ட, இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட பேஸ்-பி ஆய்வு. 2024இல் வெளியானது. 5 ஆண்டு கழித்தும் நோய் திரும்பிய அறிகுறி இல்லாதவர்கள் 5 தடவை முறையில் 95.8 சதவீதம், வழக்கமான முறையில் 94.6. சிறுநீர்த் தொந்தரவு மட்டும் 5 தடவை முறையில் கூடுதல். அது உண்மைதான், அப்பா இரவில் நாலைந்து முறை எழுந்துவிடுகிறார். மாத்திரையில் குறைந்து வருகிறது.

எங்களைப் படுத்தியது மெஷின் இல்லை, வயிறுதான். ப்ராஸ்டேட்டை ஒட்டியே மலக்குடல் இருக்கிறது. அதில் வாயு சேர்ந்தால் ப்ராஸ்டேட் சில மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அதனால் கதிர் பாய்ச்சும் முன் ஒவ்வொரு முறையும் அதே மேஜையில் ஸ்கேன் எடுத்து, முன்பே உள்ளே பதித்த குட்டித் தங்கத் துண்டுகள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஒருநாள் ஸ்கேனில் வாயு தெரிந்ததும், "ஐயா, கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்று இறக்கிவிட்டார்கள். சிறுநீர்ப்பை நிரம்ப தண்ணீர் குடித்துவிட்டு வராண்டாவில் நடந்த அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அப்புறம், பேரப்பிள்ளைகளைத் தூக்கலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது.

பி.எஸ்.ஏ. (ப்ராஸ்டேட் நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு) உடனே இறங்காதாம். முதல் டெஸ்ட் 3 மாதம் கழித்து, வந்ததும் போடுகிறேன்.