மறு: மற்போரில் 'டர்ன்' – புரட்டலா, மல்லாத்தலா?

அன்பர்களுக்கு வணக்கம். மற்போரின் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் என் பங்கு இது.

'பிரேக்டவுன்' என்பதற்கு 'உடைப்பு', 'ரைடு' என்பதற்கு 'சவாரி' என்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. உடைப்பு என்றதும் எனக்குக் குளத்துக்கரைதான் நினைவுக்கு வருகிறது. மற்போரில் நடப்பது வேறு. கீழே இருப்பவர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக்கொண்டு இருக்கிறார். மேலே இருப்பவர் அவருடைய ஊன்றிய கை ஒன்றை முழங்கையோடு வாரிவிட்டு, அந்தப் பக்கமாகவே தோளால் நெட்டித் தள்ளுகிறார். முட்டுக்கொடுக்கக் கை இல்லாததால் அவர் சரிந்து வயிறு தரையில் படிகிறது. 'சரித்தல்' போதும். மூட்டையைச் சரிக்கிற ஊரில் ஆளையும் சரிக்கலாம்.

கீழே இருப்பவர் எழாதபடி மேலே கிடந்து பிடித்து வைப்பதுதான் 'ரைடு'. அதற்கு 'அமுக்கல்' என்பேன். அமெரிக்கக் கல்லூரி மற்போரில் எதிராளியைவிட ஒரு நிமிடம் அதிகமாக அமுக்கி வைத்திருந்தாலே ஒரு புள்ளி உண்டு. ஒலிம்பிக்கில் ஆடும் ஃப்ரீஸ்டைலில் அப்படிக் கிடையாது. மேலேயே கிடந்து ஒன்றும் செய்யாவிட்டால் நடுவர் இருவரையும் எழுப்பி நிறுத்திவிடுவார். அங்கே அமுக்கியவனுக்குப் புள்ளி இல்லை, திருப்பியவனுக்குத்தான். ஆகவே அமுக்குவதையும் திருப்புவதையும் 'கட்டுப்படுத்தல்' என்ற ஒரே பைக்குள் போட முடியாது.

இப்போது அந்தத் திருப்புதல், அதாவது 'டர்ன்'. 'புரட்டல்' என்று பலர் சொல்லியிருக்கிறீர்கள். 'புரட்டு' என்றால் பித்தலாட்டம் என்றும் பொருள் வருமே என்ற மறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. தோசையைப் புரட்டும்போது யாரும் மோசடி என்று நினைப்பதில்லை. எனக்குள்ள தயக்கம் வேறு. விதிப்படி, கீழே இருப்பவரின் முதுகு தரையை நோக்கித் திரும்பி, முதுகுக்கும் தரைக்கும் இடையிலுள்ள கோணம் 90 பாகைக்கும் குறைந்தால்தான் புள்ளி, அதுவும் இரண்டு. முதுகு தரையைத் தொடக்கூட வேண்டாம். பக்கவாட்டில் எவ்வளவு புரண்டாலும் முதுகு அந்தப் பக்கம் திரும்பாவிட்டால் ஒன்றும் கிடையாது. புரட்டல் என்பது அசைவைச் சொல்கிறது, நடுவர் பார்ப்பதோ முதுகை.

போன மாதம் அண்ணன் மகனின் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். கோச் ஓரத்தில் நின்று "டர்ன் பண்ணு, டர்ன் பண்ணு" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் பொறுக்கமாட்டாமல், "அட, அவன மல்லாத்துடா!" என்றார். கலைச்சொல் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. குப்புறக் கிடப்பவனை முதுகுப் பக்கம் வர வைப்பதைத்தானே மல்லாத்துதல் என்கிறோம்? 'டர்ன்' = மல்லாத்தல். முதுகு அப்படித் தரைப்பக்கம் திரும்பிய நிலையை ('டேஞ்சர் பொசிஷன்') ஆபத்து நிலை என்று பெயர்த்து வைத்திருக்கிறார்கள், அதை 'மல்லாப்பு நிலை' என்றே சொல்லிவிடலாம். கொச்சை என்பீர்கள். 'மல்லாந்து' எழுத்துத் தமிழில் இருக்கும்போது அதன் பிறவினைக்கு மட்டும் என்ன தீட்டு?

'புரட்டு' வீணாகாது. தனித்தனி உத்திகளுக்கு அது வேண்டும். எதிராளியின் கணுக்கால்களைக் குறுக்கே பின்னி, கையால் இறுக்கிக்கொண்டு உருளும் 'லெக் லேஸ்' இருக்கிறதே, அது 'கால்பின்னல் புரட்டு'. வடக்கே இதை ஃபீத்லே என்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் யோகேஷ்வர் தத் வெண்கலம் வென்றது இந்தப் பிடியில்தான். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் நம் ரவி தஹியாவை இதே பிடியில் உருட்டித்தான் கஜகஸ்தானின் சனாயேவ் 9–2 என்று முன்னேறினார். அப்புறம் ரவி அவரையே மல்லாத்தி, இரு தோள்களையும் தரையில் பதித்துப் போட்டியை முடித்தது தனிக்கதை. இந்தப் பிடி ஏன் ஆபத்தானது என்றால், ஒருவரைக் கீழே வீழ்த்த 2 புள்ளி, பின்னல் அவிழாமல் நாலு உருட்டுக்கு 8. பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஃப்ரீஸ்டைலில் ஆட்டம் அங்கேயே முடிந்தது. இடுப்பைக் கட்டி, பாலம் போல் வளைந்து உருட்டும் 'கட் ரெஞ்ச்' என்பதற்கு 'இடுப்புப் புரட்டு'. 'கட்' என்றால் குடல் என்பதற்காகக் குடலையெல்லாம் இழுக்க வேண்டாம்.

'ஹாஃப் நெல்சன்' என்பதை 'அரை நெல்சன்' என்று பாதி மட்டும் பெயர்ப்பதில் யாருக்கும் பயனில்லை. கை எதிராளியின் அக்குளுக்கு அடியில் நுழைந்து பிடரியில் படிகிறது. பிடரியை அழுத்த அழுத்தத் தோள் மேலே எழும்புகிறது. கடப்பாரையால் கல்லை எழுப்புவதும் இப்படித்தான். 'பிடரி நெம்பு' என்பேன்.

பழஞ்சொல் ஏதும் கிடைக்குமா என்று கேட்டவருக்கு: புறநானூறு 80ஐப் பாருங்கள். ஆமூர் மல்லனைச் சோழன் பெருநற்கிள்ளி வீழ்த்தும்போது ஒரு கால் மார்பிலும் மற்றது முதுகுப் பக்கமும் இருக்கின்றன. காட்சி அருமை. ஆனால் பிடிக்குப் பெயர் வைக்கவில்லை.

மல்லர்கள் ஆடும் 'மேட்' (mat) என்பதை நான் தொடவில்லை. "மேட்டில் நடந்த ஆட்டம்" என்று எழுதினால் ஏதோ குன்றின்மேல் நடந்ததாகத் தொனிக்கிறது, 'பாய்' என்றால் படுக்கச் சொல்கிறது. 'விரிப்பு' பரவாயில்லை.

'கிரேடில்' (தொட்டில்) மட்டும் இன்னும் இடிக்கிறது. தலையையும் முழங்காலையும் ஒன்றாக வளைத்துக் கட்டும் பிடி. 'தொட்டில் பிடி' என்று சொல்லிப் பார்த்தேன், அண்ணன் மகன் சிரித்துவிட்டான். 'மூட்டைக்கட்டு' எப்படி?