பொருள்: ஐஆர்கியூவுக்கு "குறுக்கீடு" சரியா? (ஒலி அட்டைக் கையேடு, சிக்கல் தீர்க்கும் பகுதி)

வணக்கம்.

பழைய பென்டியம் கணினியில் சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டையை நிறுவும் கையேடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒலி அட்டை, இயக்கி, தாய்ப்பலகை போன்றவை பழகிய சொற்கள்; யாருக்கும் தகராறு இல்லை. இழுபறியில் நிற்பது இன்டரப்ட் மட்டும்தான், அதாவது ஒரு சாதனம் செயலியை இடையில் கூப்பிடுவது; எந்தக் கம்பியில் கூப்பிடுகிறது என்பதைச் சொல்லும் எண்தான் ஐஆர்கியூ. கலைச்சொல் பட்டியல்களில் பெரும்பாலும் "குறுக்கீடு" என்றிருக்கிறது. அதை அப்படியே எடுத்தாண்டதில் வரைவில் இப்படி ஒரு வரி:

> ஒலியில் குறுக்கீடு இருந்தால் அட்டையின் குறுக்கீட்டு எண்ணை மாற்றிப் பாருங்கள்.

முதல் குறுக்கீடு மின் இரைச்சல், அதாவது இன்டர்ஃபியரன்ஸ். இரண்டாவது இன்டரப்ட். வரி படிக்கக் குழப்பமாக இருப்பதோடு, சொல்லும் வைத்தியமும் தவறு. வன்வட்டு ஓடும்போதோ சுட்டியை நகர்த்தும்போதோ ஒலிபெருக்கியில் "கிர்" என்று கேட்டால், ஐஆர்கியூவை 5இலிருந்து 10க்கு மாற்றி எந்தப் பயனும் இல்லை. படிப்பவர் அரை நாள் அதிலேயே உட்கார்ந்துவிடுவார்.

இரைச்சலுக்குக் குறுக்கீடு என்பதை வானொலிக் காலத்திலிருந்தே எழுதுகிறோம். அதை அசைக்க வேண்டாம். இன்டரப்டுக்கு வேறு சொல் வேண்டும். என் பட்டியல்: இடைமறிப்பு, இடையூறு, இடையழைப்பு, விளிப்பு.

———

இடையூறு வேண்டவே வேண்டாம். இன்டரப்ட் கணினிக்கு நேரும் தொல்லை இல்லை. அது வராவிட்டால்தான் தொல்லை. இடைமறிப்பு என்றால் போய்க்கொண்டிருப்பதை வழியில் மடக்குவது. பாதுகாப்புத் துறையில் இன்டர்செப்டுக்கு அந்தச் சொல் தேவைப்படும்.

அட்டை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். இயக்கி நினைவகத்தில் ஓர் இடையகத்தை (பஃபர்) ஒதுக்கி, இரண்டு பாதியாகப் பிரித்து, ஒலித் தரவை நிரப்புகிறது. செயலியைத் தொடாமல் நினைவகத்தை எட்டும் டிஎம்ஏ தடம் வழியாக அட்டை அதைத் தானே எடுத்து ஒலிக்கிறது. செயலி தன் வேலையைப் பார்க்கும். ஒரு பாதி தீர்ந்ததும் அட்டை ஐஆர்கியூ கம்பியை உயர்த்தி, "இந்தப் பாதி முடிந்தது, அடுத்ததை நிரப்பு" என்று செயலியைக் கூப்பிடுகிறது. நொடிக்கு 22,050 மாதிரி, 8 பிட், மோனோ என்றால் 4,096 பைட் கொண்ட பாதி ஏறத்தாழ 0.19 நொடியில் தீரும். நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் இந்தக் கூப்பாடு நடக்கிறது.

ஐஆர்கியூ எண் தவறாக இருந்தால் கூப்பிடுவது யார் காதிலும் விழாது. பாதிகள் புதிதாக நிரம்பாது. அட்டை பழைய தரவையே சுற்றிச் சுற்றி எடுத்து, அதே துண்டு ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். தானாகச் சுற்றாத பழைய முறையில் எழுதிய நிரல் என்றால் ஒரு துண்டு ஒலித்து அப்படியே நின்றுவிடும். டிஎம்ஏ எண் தவறென்றால் பெரும்பாலும் ஒன்றுமே கேட்காது. ஆக, செயலி வேறு வேலையில் இருக்கும்போது இடையில் அழைப்பது: இடையழைப்பு. என் வாக்கு அதற்கு.

———

அண்ணா, இடையழைப்பு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "அழைப்பு" நிரலாக்கத்தில் ஏற்கெனவே புழங்கும் சொல். செயற்கூறு அழைப்பு, முறைமை அழைப்பு என்று எழுதிவிட்டோமே.

அதைவிடப் பெரிய ஐயம், இங்கே தமிழ்ச்சொல் எதற்கு என்பது. பயனர் திரையில் பார்ப்பது ஐஆர்கியூ. பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) ஐஆர்கியூ, விண்டோஸ் 98 சாதன மேலாளரில் ஐஆர்கியூ. டாஸில் ஆட்டோஎக்செக் கோப்பில் அவர் தட்டுவது இது:

> செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1 எச்5 பி330 டி6

முகவரி 220, ஐஆர்கியூ 5, 8 பிட் டிஎம்ஏ 1, 16 பிட் டிஎம்ஏ 5, மிடி முகவரி 330, அட்டை வகை 6. (தமிழில் எழுதியதும் இரண்டு "டி" வந்துவிட்டது பாருங்கள். முதலாவது டிஎம்ஏ, கடைசி டி அட்டை வகை. கையேட்டில் இந்த வரியை உரோமன் எழுத்தில் மட்டுமே அச்சிட வேண்டும். யாராவது ஆர்வத்தில் தமிழாக்கிவிடப் போகிறார்கள்.) இதில் இடையழைப்பு எங்கே வருகிறது?

———

ஐயம் நியாயமானது. எண்ணைச் சொல்லும் இடமெல்லாம் ஐஆர்கியூ என்றே இருக்கட்டும். "ஐஆர்கியூ 5" என்பது தொடர்வண்டி எண் மாதிரி ஒரு பெயர். அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஏன் மோதுகிறது என்று விளக்கும் பத்திக்குத்தான் சொல் தேவை.

அழைப்பு என்பது தனியாக வந்தால் குழப்பும். "இடை" சேர்ந்துவிட்டால் குழப்பாது. டாஸின் இன்ட் 21 கூட வன்பொருள் எழுப்புவதல்ல, நிரலே எழுப்பும் இன்டரப்ட். அதை "மென்பொருள் இடையழைப்பு" என்றால் உறவும் வேறுபாடும் இரண்டுமே தெரிகின்றன.

ஒரு கலைச்சொல்லைத் தனியாக நிறுத்தி அழகு பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சேர்த்துப் பார்ப்போம். இன்டரப்ட் ஹேண்ட்லர்: இடையழைப்புக் கையாளி. மாஸ்க் செய்ய முடியாதது: தடுக்கவியலா இடையழைப்பு. ஸ்பூரியஸ்: பொய் இடையழைப்பு. ஐஆர்கியூ கம்பி: இடையழைப்புத் தடம். எல்லாம் நிற்கின்றன. "விளிப்பு" இதைவிடச் சிறியது, ஆனால் தொலைபேசியில் வாசித்துக் காட்டினால் பலர் காதில் விழிப்பு என்று விழும்.

இன்னொன்று. வரைவில் ஒரே எண்ணை இரண்டு சாதனம் பயன்படுத்துவதை எங்கும் "மோதல்" என்றே எழுதியிருக்கிறது. அட்டைகள் செருகும் பழைய பாட்டையான (பஸ்) ஐஎஸ்ஏவுக்கு அது சரி, புதிய பாட்டையான பிசிஐக்குத் தவறு. ஐஎஸ்ஏ பாட்டையில் கம்பி தாழ்விலிருந்து உயர்வுக்கு ஏறும் அந்தக் கணம்தான் இடையழைப்பு. ஒரு அட்டை கம்பியை உயர்த்திப் பிடித்திருக்கையில் இன்னொன்றும் உயர்த்தினால், ஏற்றம் எதுவும் நிகழாது. இரண்டாவது அழைப்பு தொலைந்தது. பிசிஐயில் கம்பியின் நிலையைத்தான் பார்க்கிறார்கள். எவராவது பிடித்திருக்கும்வரை அழைப்பு உயிரோடிருக்கும்; கையாளிகள் ஒவ்வொன்றாக வந்து தம்முடையதா என்று பார்த்துக்கொள்ளும். அங்கே அது "பகிர்வு". சாதன மேலாளரில் ஒலி அட்டையோடு "ஐஆர்கியூ ஹோல்டர் ஃபார் பிசிஐ ஸ்டியரிங்" என்று ஒரு வரி தெரிந்தால் பலர் அதை நீக்கப் பார்க்கிறார்கள். அது மோதல் அல்ல என்று கையேட்டில் ஒரு வரி போடுங்கள்.

———

இடையழைப்புக்கு என் ஆதரவும். இலினக்ஸ் பகுதிக்கு இந்தச் சொல் நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே இடையழைப்பை எண்ணிப் பார்க்கவே முடியும். ப்ராக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு தடத்துக்கும் இதுவரை வந்த எண்ணிக்கை இருக்கும். ஒரு பாடலை ஓடவிட்டு, சில நொடி இடைவெளியில் கோப்பை இருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 5க்கு எதிரே எண் ஏறினால் ஐஆர்கியூ சரி. ஏறாமல் ஒரே துண்டு சுற்றினால் எண் தவறு. எண் ஏறுகிறது, ஆனால் சத்தமே இல்லை என்றால் அல்சாமிக்சரைத் திறக்க வேண்டும். இலினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவில் தொடக்கத்தில் எல்லா ஒலித்தடங்களும் ஊமையாக இருக்கும். மாஸ்டர், பிசிஎம் இரண்டையும் எம் விசையால் திறந்து ஒலியளவை ஏற்ற வேண்டும். இயக்கி ஏறவில்லை என்று எழுதிக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கதை.

ஜம்பர் (எண்களைக் கையால் அமைக்கும் சிறு இணைப்பி) வைத்த பழைய அட்டைக்கு இயக்கியை ஏற்றும்போது ஐஎஸ்ஏபிஎன்பி=0 என்றும், முகவரி, ஐஆர்கியூ, டிஎம்ஏ8, டிஎம்ஏ16 நான்கையும் கையால் தர வேண்டும். செருகி இயக்கு (பிளக் அண்ட் பிளே, பிஎன்பி) வகை என்றால் இவை தேவையில்லை.

———

அப்படியானால் இடையழைப்பு என்றே வைக்கிறேன். பழைய வரி இரண்டாகப் பிரிந்துவிட்டது. திருத்திய பத்திகள், கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்:

> இரைச்சல் (குறுக்கீடு): எதையும் ஒலிக்காதபோதும் "கிர்" சத்தம் கேட்டால் அது மின் குறுக்கீடு. அட்டை அப்போது எந்த இடையழைப்பும் எழுப்புவதில்லை. ஐஆர்கியூவைத் தொட வேண்டாம். மிக்சரில் மைக், லைன்-இன், சிடி உள்ளீடுகளை ஒவ்வொன்றாக ஊமையாக்குங்கள். எதை ஊமையாக்கும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் வழி. மீதி இருந்தால் கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, காட்சி அட்டையிலிருந்தும் மின்வழங்கியிலிருந்தும் தள்ளியுள்ள செருகுவாய்க்கு அட்டையை மாற்றுங்கள்.

> ஒரே துண்டு ஒலி சுற்றுகிறது, அல்லது துண்டோடு நிற்கிறது (இடையழைப்பு வரவில்லை): சவுண்ட் பிளாஸ்டர் 16 ஏற்கும் ஐஆர்கியூ எண்கள் 2, 5, 7, 10. 7 அச்சுப்பொறித் துறைக்குரியது, முடிந்தவரை 5. விண்டோஸ் 98இல் சாதன மேலாளரின் உச்சியிலுள்ள "கம்ப்யூட்டர்" வரியை இருமுறை சொடுக்கினால் எந்த எண் யாரிடம் என்ற பட்டியல் வரும். 5 வேறு ஐஎஸ்ஏ அட்டையிடம் இருந்தால் 10 போடுங்கள். டாஸ் விளையாட்டுகளுக்குப் பிளாஸ்டர் வரியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

> ஜம்பர் வைத்த அட்டைக்கு மட்டும்: பயாஸின் பிஎன்பி/பிசிஐ பக்கத்தில் ஐஆர்கியூ 5ஐ "லெகசி ஐஎஸ்ஏ" என்று ஒதுக்குங்கள். செருகி இயக்கு அட்டைக்கு இப்படிச் செய்தால் பயாஸ் அந்த எண்ணை அதற்கே கொடுக்காமல் வைத்துக்கொள்ளும்.

———

நன்று. "5 வேறு ஐஎஸ்ஏ அட்டையிடம் இருந்தால்" என்பதோடு "அல்லது பிசிஐ அட்டையிடம் இருந்தால்" என்றும் சேருங்கள். பிசிஐ அட்டைகள் தங்களுக்குள் பகிரும். ஐஎஸ்ஏ அட்டையோடு பகிராது.

பொய் இடையழைப்புக்கும் ஓர் அடிக்குறிப்பு தேவை. இலினக்ஸ் பதிவில் "ஸ்பூரியஸ் 8259ஏ இன்டரப்ட்: ஐஆர்கியூ7" என்று ஒரு வரி வரும், அதைப் பார்த்து ஒலி அட்டையைக் கழற்றுவார்கள். கம்பியை உயர்த்திய சாதனம் செயலி ஏற்பதற்குள் இறக்கிவிட்டால், எவருடையது என்று தெரியாமல், இடையழைப்புகளைச் செயலிக்குச் சொல்லும் 8259 சில்லு 7 என்ற எண்ணைச் சொல்லிவிடும். அட்டை 5இல் இருக்க, அந்த வரி எப்போதாவது ஒன்று வந்தால் கண்டுகொள்ள வேண்டாம் என்று எழுதுங்கள்.